முயல் மறைத்த ஓடை

கயோவுக்கு அந்த முயலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, முன்பல் இரண்டையும் காட்டிக்கொண்டு, ஒற்றைக் காலைத் தூக்கியபடி துள்ளும் வெள்ளை முயல். பெயர் கசாப்யோன். கசாகுரா என்ற பனிச்சறுக்கு ஊரின் செல்லப்பிள்ளை என்று சொல்லி விடுதிக்காரர் சங்கம் அதைப் பெற்றெடுத்தது. துண்டில் முயல், பிஸ்கட் டப்பாவில் முயல், லிப்ட் கம்பத்துக்குக் கம்பம் முயல். அதெல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள். ஆனால் வழிகாட்டிப் புத்தகத்தின் நடுப்பக்க வரைபடத்தில் அதைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்த இடம் இருக்கிறதே, அதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

புத்தகம் நல்ல புத்தகம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஊர்க்காரர்களே எழுதியது. சறுக்குமலையின் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பக்கம். எந்தத் தடத்தில் காலையில் இறங்கினால் வெயில் கண்ணில் குத்தாது, எதில் மதியத்துக்கு மேல் பனி கஞ்சியாகிவிடும், எந்த வளைவில் பயந்து வேகத்தைக் குறைத்தால் மிச்சத் தூரத்தைக் கோலை ஊன்றி ஊன்றி நடந்தே கடக்க வேண்டிவரும், எந்தக் கடையில் இனிப்புப் பயற்றங்கஞ்சி சுடச்சுடக் கிடைக்கும் என்று எல்லாம் அதில் இருந்தது. பாதிப் பக்கங்கள் கயோ எழுதியவை. மலை ரோந்துக் குழுவுக்கு அவள் தலைவி. அவள் எழுதியதில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் சங்கத் தலைவர் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டார். சங்கத் தலைவர் ஹெய்சாகு அவளுடைய மாமனார்.

அந்தப் பக்கம் குராசவா ஓடையைப் பற்றியது. உச்சி லிப்ட்டில் இறங்கி இடது கைப்பக்கம் போனால், எல்லைக் கயிற்றுக்கு அப்பால் அது கிடக்கும். மேலிருந்து பார்த்தால் யாரும் மிதிக்காத பனி, பார்த்தவுடன் இறங்கத் தோன்றும். மூன்று பக்கத்துப் பனியும் சரிந்தால் அதற்குள்தான் விழும். அடியில் அருவி. கயிறு கட்டி இழுத்தாலொழிய திரும்பி ஏற வழி கிடையாது. கயோ பக்கத்து ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஹெய்சாகுவின் தம்பி தத்சுசோ தங்க வந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அதில் இறங்கினான். பனி உருகியபோதுதான் இருவரும் கிடைத்தார்கள்.

தத்சுசோவின் படம் ஹெய்சாகு நடத்தும் மருயா விடுதியின் பின்கட்டு மாடத்தில் இருக்கிறது. தினமும் காலையில் அதற்கு முதல் பிடிச் சோறு வைக்கிறார்கள். ஓடையின் பெயரை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தலைவர் வீட்டில் எடுக்காத பெயரை ஊர் எதற்கு எடுக்கப்போகிறது? ஊரும் வாயைக் கட்டிக்கொண்டது.

"செத்தவங்க கதையைப் படிச்சிட்டு யாரும்மா புள்ளைகுட்டியோட இங்க வருவாங்க?" என்று சங்கக் கூட்டத்தில் ஹெய்சாகு கேட்டார். "ஒண்ணும் எழுதாம விட்டா ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்க. இத்தனை வருஷமா அப்படித்தானே இருக்கு?"

"நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும் மாமா. வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டா பக்குவமாச் சொல்லிக்கலாம். எல்லாருக்கும் டீ ஆறிப்போச்சு பாரு, ஊத்தும்மா."

மலையில் அத்தனை பேரும் அவள் விசிலுக்குக் கட்டுப்பட்டார்கள். கூட்டத்தில் அவள் மருமகள், ஆகவே டீ ஊற்றினாள். ஓடை இருந்த இடம் வரைபடத்தில் மொட்டையாகத் தெரிகிறதே என்று யாரோ சொல்ல, அங்கே முயலைப் பெரிதாக அச்சடித்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் கயிற்றில் அவள் கட்டியிருந்த சிவப்புப் பலகையும் போனது. 'உள்ளே போனால் சாவீர்கள்' என்று அதில் எழுதியிருந்தாள். விருந்தாளிகளிடம் பேசுகிற பேச்சா அது என்றார்கள். இப்போது அங்கே அதே முயல், தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கி, 'இந்தப் பக்கம் வேண்டாமே' என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறது. அதை மாட்டிய அன்று கயோ வீட்டில் யாரோடும் பேசவில்லை.

அந்த வருடம் மருயாவில் தங்க வந்தவர்களில் தபுசே என்று ஒருவர். ஓசாகாவில் மருந்துக்கடை வைத்திருப்பவர், வாய் ஓயாத மனிதர். பனிச்சறுக்கு சுமாராக வரும், ஆனால் ஒழுங்கு ஜாஸ்தி. புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு மார்புப் பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு தடமாக இறங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை படிப்பார், இறங்கி முடித்ததும் பென்சிலால் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். தடத்தின் அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து, முத்திரையை மையில் ஒற்றி, புத்தகத்தின் கட்டத்தில் குத்திக்கொள்வார். ஒரு தடத்துக்கு நரி, ஒன்றுக்கு ஆந்தை, ஒன்றுக்குக் கரடி. எல்லாக் கட்டமும் நிரம்பினால் வெந்நீர்க் குளியலும் ஒரு துண்டும் இலவசம்.

லிப்ட் உச்சியில் கயோவைப் பார்த்தால் விடமாட்டார்.

"ஏம்மா, ஒன்பதாம் பக்கத்துல 'முழங்காலை நம்புங்கள்'னு போட்டிருக்கே. எழுதின மகராசன் யாரு?"

"நான்தான் எழுதினேன்."

"என் முழங்கால் என்னை ஏமாத்த ஆரம்பிச்சு பத்து வருஷமாச்சு. அதை நம்பச் சொல்றீங்களே, இது அடுக்குமா?"

கயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் எழுதியதை ஒருவர் வரி விடாமல் படிக்கிறார் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டு நாள் விடாமல் கொட்டிய பனி நின்று, வானம் பளிச்சென்று வெளுத்த அன்று மதியம், தபுசேயின் மனைவி யசுயோ அடிவாரத்து ரோந்து அறைக்கு வந்தாள். அவளுக்குச் சறுக்கத் தெரியாது. தினமும் சாப்பாட்டுக் கூடத்தில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருப்பாள். கயோ சோற்றுருண்டையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். குழுவின் மூத்த ஆள் இசோபே பக்கத்தில் காலை நீட்டிப் போட்டிருந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றாள் யசுயோ. "எங்க வீட்டுக்காரர் சாப்பிட வந்துடறேன்னு சொன்னாரு. கறிச்சோறு வாங்கி வச்சு ஆறிப்போச்சு. போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கறாரு. கடைசியா இதை அனுப்பினாரு."

கைபேசியில் ஒரு படம். கயிறு, கயிற்றில் குனிந்து வணங்கும் முயல். கீழே 'முயலைப் பிடிச்சாச்சு' என்று எழுதியிருந்தது.

கயோ சோற்றுருண்டையைக் கீழே வைத்தாள்.

"இங்க போகச் சொல்லி யாரு சொன்னது?"

"யாரும் போகச் சொல்லலைங்க. அவருக்கு முயல் முத்திரை மட்டும்தான் பாக்கி. அது எங்க இருக்குன்னு புத்தகத்துல இல்ல, 'முயலைக் கண்டுபிடியுங்கள்'னு மட்டும்தான் இருக்கு. காலையில சாப்பிடறப்ப விடுதிப் பெரியவர்கிட்ட படத்துல முயலைக் காட்டி, 'முத்திரை இங்கதானே'ன்னு கேட்டாரு. பெரியவர் சிரிச்சிட்டு, 'முயல் இருக்கற இடம் முயலுக்குத்தானே தெரியும்'னாரு. கேக்காமலே இன்னொரு கிண்ணம் சூப் ஊத்தினாரு. இவரு ரூமுக்கு வந்து, 'மனுஷன் வாய் திறக்க மாட்டேங்கறாரு, அப்போ கண்டிப்பா அங்கதான்'னாரு."

முயல் முத்திரை டிக்கெட் ஜன்னலில், தொலைந்த கையுறைகளைப் போட்டு வைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைச் சொல்ல ஒரு நொடி ஆகியிருக்கும். 'அங்கே போகாதீர்கள்' என்று சொல்ல இன்னொரு நொடி. விருந்தாளியிடம் 'இல்லை' என்று சொன்னால் வாய் வெந்துவிடும் என்று நினைக்கிற மனிதரை என்ன செய்வது?

"பக்குவமாச் சொல்லிக்கலாம்னாரு இல்ல, சொல்லியிருக்காரு பாருங்க," என்று கயோ பல்லைக் கடித்தாள்.

இசோபே எழுந்து பூட்ஸை மாட்டினார். "தலைவரே, திட்டறதை வந்து திட்டிக்கலாம். ரெண்டு நாள் பனி மேல உக்காந்திருக்கு."

உச்சியில் அந்தப் பலகைக்குச் சரியாகக் கீழே ஒற்றைத் தடம் கயிற்றைத் தாண்டிப் போயிருந்தது. தயங்கி நின்ற அடையாளம்கூட இல்லை. கயோவும் இசோபேயும் வெட்டவெளியை விட்டு, விளிம்போடு மரங்களை ஒட்டி, ஒருவர் நின்று பார்க்க மற்றவர் இறங்க என்று போனார்கள். கத்தினால் சரிகிற பனி இல்லை அது, ஆனாலும் இருவரும் கையசைத்தே பேசிக்கொண்டார்கள்.

அருவிக்குச் சற்று மேலே வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு தபுசே உட்கார்ந்திருந்தார். காலில் ஒரு சறுக்குப் பலகை காணோம். உதடு நீலம் பாரித்திருந்தது. உறை போட்ட புத்தகத்தை இன்னும் கையில் பிடித்திருந்தார்.

"அம்மா," என்றார் நடுங்கிக்கொண்டே, "முத்திரைப் பெட்டி எங்க தேடியும் இல்லையே."

அவரை ஓங்கி ஒன்று விடலாமா என்று இருந்தது கயோவுக்கு. அறைய வேண்டிய கன்னம் இது இல்லை என்பதும் தெரிந்ததால், தன் மேலங்கியைக் கழற்றி அவருக்குப் போர்த்தினாள். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மரத்துக்கு மரம் இழுத்து மேலே ஏற்றினார்கள். அரை மைல் தூரத்துக்குப் பொழுது சாய்ந்துவிட்டது.

விளிம்பை எட்டும் சமயத்தில் பக்கத்துச் சரிவில் 'வும்' என்று அடங்கிய ஒரு சத்தம் கேட்டது. கயோ தபுசேயைப் பிடித்துத் தள்ளி மரத்தோடு அழுத்திக்கொண்டாள். பனி அவர்கள் காலடிக்குக் கீழே ஓடியது. கடைசியில் வந்துகொண்டிருந்த இசோபேயை மட்டும் அது இழுத்துக்கொண்டு போய் ஒரு மரத்தில் அடித்தது. புதைக்கவில்லை. ஆனால் அவர் இடது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"தலைவரே," என்றார் இசோபே, முகம் வெளிறி. "புத்தகத்துல எழுதுங்க, முழங்காலை நம்பாதீங்கன்னு."

கயோ சிரிக்கவில்லை. கிளையை வெட்டி அவர் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

குழுவின் மற்றவர்களை வரவழைத்து, அவரைச் சறுக்குவண்டியில் அடிவாரம் சேர்த்து ஆம்புலன்ஸில் அனுப்பி, தபுசேயை யசுயோவிடம் ஒப்படைத்துவிட்டு, ஈரத் துணியோடு மருயாவுக்குத் திரும்பியபோது சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருந்தது. ஹெய்சாகு மேசைக்கு மேசை குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. எங்க இசோபே சின்னதா வழுக்கி விழுந்துட்டாரு, வயசாகுதில்ல. நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க. காளான் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா?"

கயோ அங்கே நிற்காமல் சமையலறைக்குள் போனாள். கணவன் ஷூஜி முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தான்.

"இசோபே அண்ணன் வழுக்கி விழுந்தாராம். கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்றான் ஷூஜி, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பா சுபாவம் உனக்குத் தெரியாதா? கொஞ்சம் விட்டுப் புடிக்கலாமே."

"இருவது வருஷமா விட்டுட்டுத்தான் இருக்கேன். புடிக்கறது எப்போ?"

அவன் அடுத்த முள்ளங்கியை எடுத்தான். சமையல் மேசையின் ஓரத்தில் ஒரு பெரிய உறை கிடந்தது. வழிகாட்டியின் புதிய பதிப்புக்கு அச்சகம் அனுப்பிய மாதிரிப் பக்கங்கள். மறுநாள் மாலைக்குள் திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. கயோ நடுப்பக்கத்தைப் பிரித்தாள். முயல் இன்னும் பருத்திருந்தது. இப்போது அதன் கையில் ஒரு பலூன் வேறு.

ஹெய்சாகு காலித் தட்டுகளோடு உள்ளே வந்தார். கயோ பக்கத்தை அவர் முன் விரித்துப் பிடித்தாள்.

"இதுக்கு அடியில என்ன இருக்குன்னு சொல்லுங்க மாமா."

"தட்டை வைக்க விடும்மா."

"இன்னைக்கு ரெண்டு பேர் செத்திருப்பாங்க. மூணு பேர். நானும் அங்கதான் இருந்தேன். அந்த மனுஷன் காலையில உங்களைக் கேட்டாரு. நீங்க சூப் ஊத்தினீங்க."

"நான் போகச் சொல்லல."

"போகாதேன்னும் சொல்லலையே. இந்தப் பக்கத்துல குராசவான்னு போடணும். அங்க யாரு செத்தாங்கன்னு போடணும். நாளைக்குத் திருப்பி அனுப்பறதுக்குள்ள."

அந்தப் பெயர் அந்தச் சமையலறைக்குள் விழுந்து எத்தனை காலம் ஆயிற்றோ. ஷூஜியின் கத்தி நின்றுவிட்டது. ஹெய்சாகு தட்டுகளை மெதுவாக வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"இந்த வீட்ல அந்தப் பேரை எடுக்காதே," என்றார்.

"செத்தவங்க மாடத்துல பத்திரமா இருக்காங்க மாமா, வேளாவேளைக்குச் சோறு போகுது. இன்னும் சாகாதவங்கதான் உங்க கூடத்துல உக்காந்து காளான் தின்னுக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?"

"என் தம்பியைப் பத்தி ஊர் கூடிப் படிக்கறதுக்கு நான் புத்தகம் போடல. இந்த வீட்ல எடுக்காதேன்னேன், அவ்வளவுதான்." கூடத்தில் யாரோ கூப்பிட, அவர் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு வெளியே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் கயோவுக்கு நிஜமாகவே கோபம் தலைக்கேறியது. அதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று தோன்றியது.

"சரி," என்றாள் ஷூஜியிடம். "வீட்ல எடுக்கல."

கசாகுராவில் லிப்ட் ஓடத் தொடங்குவதற்கு முன் தினமும் காலையில் ஒலிபெருக்கியில் பனி நிலவரம் சொல்வார்கள். அதைச் சொல்வது ரோந்துத் தலைவியின் வேலை. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி, கீழே தெருவிலும் உண்டு. விடுதி வாசலில் பனி தள்ளுகிறவர்கள், சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்க்கிறவர்கள், பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் எல்லார் காதிலும் விழும். முதலில் முயல் பாட்டு ஒன்று வரும். மறுநாள் காலை கயோ அந்தப் பாட்டைப் போடவில்லை.

"காலை வணக்கம். கசாகுரா மலை ரோந்துக் குழு. வானம் தெளிவு, காற்று இல்லை. எல்லாத் தடங்களும் திறந்திருக்கின்றன." வழக்கமாக இத்தோடு, இனிய நாளாக அமையட்டும் என்று முடித்துவிடுவாள். "வழிகாட்டிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் நடுப்பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். முயல் படம் இருக்கும் இடத்தில் தடம் எதுவும் இல்லை, முத்திரையும் இல்லை. அது குராசவா ஓடை. அங்கே பனி சரியும். உள்ளே போனால் திரும்பி வர வழி இல்லை. நேற்று அங்கே போன ஒருவரைக் காப்பாற்றப் போய் எங்கள் குழுவைச் சேர்ந்த இசோபேவுக்குக் கால் முறிந்தது. அவர் வழுக்கி விழவில்லை. பல வருடங்களுக்கு முன் அதே இடத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் நம் ஊருக்கு வந்த விருந்தாளி. இன்னொருவர் மருயா விடுதியைச் சேர்ந்த தத்சுசோ, வயது முப்பது. புத்தகத்தில் இது இல்லை. பேனா இருந்தால் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்."

ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஜன்னலோடு நின்றாள். கீழே லிப்ட் வரிசையில் ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றி, பையைத் திறந்து, புத்தகத்தை எடுப்பது தெரிந்தது. எதிர்த்த விடுதிக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். இன்னும் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் கயோவுக்குப் பட்டது.

தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"நான்தான்," என்றது மாமனாரின் குரல்.

"சொல்லுங்க மாமா." என்ன வந்தாலும் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தாள். வீட்டை விட்டுப் போ என்றால் என்ன சொல்வது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள்.

"முப்பதுன்னு சொன்னே."

"என்னது?"

"தத்சுசோவுக்கு. வயசு முப்பதுன்னு சொன்னே. இருபத்தாறு. அந்தப் போட்டோவுல மீசை வச்சிருக்கான், அதான் பெரியவனாத் தெரியறான்."

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"புத்தகத்துல இருபத்தாறுன்னு வரணும்," என்றார் ஹெய்சாகு. "பேனா எடுத்திருக்கேன். அந்த இடத்தைப் பத்தி என்ன சொன்னே, முதல்ல இருந்து சொல்லு. மெதுவா."

அவளுக்குக் கோபம் தீரவில்லை. இதை அன்றைக்கே செய்திருந்தால் இசோபே இப்போது இங்கே உட்கார்ந்து டீக்கு நச்சரித்துக்கொண்டிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து சொன்னாள். ஓடையின் பெயர் வந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. கோபம் தீராமலேதான் சொன்னாள், அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதி முடிக்கும்வரை காத்திருந்து.